சுமக்காத சுவர்

படிவத்தில் மூன்றாவது கேள்வி: சுவர் எதனால் ஆனது.
மண் என்று எழுதினேன்.
நான்காவது: கூரை. புல்.
நிலை என்ற கட்டத்தில்
கச்சா என்பதற்கு மேல் எழுத இடமில்லை.

ஒடுகத்தூரில் ஜீப் ஏறிய முதுகுவலியோடு
பீஞ்சமந்தையில் அன்று எனக்குப் பதினோராவது வீடு.
வேடிச்சி, வீட்டுக்காரி, முப்பது வயதிருக்கும்,
சாமை முறத்தோடு எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"சொவுரையா எழுதுன?
அது சும்மா காத்துக்கு."

எப்படியும் பிரிக்கப் போவதுதானே என்று
மேற்குச் சுவரில் குதிகாலால் ஓர் உதை.
படலோடு மண் பெயர்ந்து
ஆள் நுழையும் ஓட்டை.
உள்ளே அடுப்பருகில் ஒரு கோழி
என்னைத்தான் முறைத்தது.
கூரை அசையவில்லை.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன்.
ஆறு கவைக்கால்கள், வேங்கை.
கவைகளில் படுத்திருக்கும் வளைகள்.
நடுவில் இரண்டு நெடுங்கால்கள் மேல் முகட்டு வளை,
பரண் புகையில் கறுத்து
குழம்புச் சட்டியின் அடிபோல.
ஆணி ஒன்றுகூட இல்லை.
கொடியால் முடிச்சு, முடிச்சின் மேல் முடிச்சு.
பொருத்துகளில் மட்டும் சின்னச் சின்ன வெட்டு:
ஒன்று, இரண்டு, ஓரிடத்தில் ஐந்து.
கரையான் என்று குறித்துக்கொண்டேன்.

படம் ஏறவில்லை, சிக்னல் இல்லை.
இடம் மட்டும் பதிவானது.

மறுவாரம் நான் போனபோது
வீட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
புல்லைக் கற்றை கற்றையாக இறக்கி,
வளையை இரண்டு தோள் தூக்க,
அவள் கொழுந்தன் சடையாண்டி கத்தினான்:
"மூணு வெட்டுக் காலுக்கு
மூணு வெட்டு வளைடா, அத வெய்யி!"
நான் கரையானை அடித்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள்
பலாமரம் தாண்டி, நூறடி தள்ளி, அதே வீடு.
வாசல் மட்டும் இப்போது கிழக்கே;
போன மழையில் சாரல் அடித்ததாம்.
சுவரில்லாத கால்களுக்கு நடுவே
சாமைச் சோறு பொங்கியது.
நாலு பக்கமும் மலை தெரிய
எனக்கும் ஒரு தட்டு.

கை கழுவிவிட்டுக் கைபேசியை உயர்த்தினேன்.
சிக்னல் இருந்தது. செயலி சொன்னது:
பதிவான இடத்தில் வீடு இல்லை.

"அங்க இல்லன்னா
இங்க இருக்குன்னு எழுதிக்கோயேன்"
என்றாள் முறத்தைத் தட்டியபடி.

அதற்குக் கட்டம் தேடிக்கொண்டிருந்தேன்.
கோழி மட்டும் இன்னும் பழைய இடத்தில்,
அடுப்பு இருந்த கதகதப்பின் மேல்
படுத்திருந்தது.