முதுநகர் அணிக்கு ஆள் எடுப்பது குறித்து

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
மதியம் இரண்டுக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து வரும்.
ஐஸ் பேக்டரியில் கணக்கெழுதும் எனக்குத் தெரியும்,
கேப்டன் ஞானசெல்வத்துக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் கபூரை எதிர்க்காற்றில் ஓடவிட்டு
மூணு ஓவரில் நுரை தள்ள வைப்பானா?

இருசப்பன் இருக்கிறான், இடக்கை, ஸ்லோ.
அவன் விரலை விட்டபிறகுதான் பந்து யோசிக்கும்,
தரையில் பட்டபிறகு முடிவெடுக்கும்.
அவனை எல்லைக்கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்,
தண்ணீர் கேனுக்குக் காவல்.

ஓப்பனிங் இறங்குவது கேப்டனின் மச்சான்.
நாலு மேட்ச், ஒன்பது ரன்.
அதில் நாலு, கீப்பர் தலைக்கு மேல் போன எட்ஜ்.
பேட் அவனுடையது. வேறென்ன.

அடுத்த வருஷம் தேறுவோம்.
செம்மண்டலத்தில் ஒரு பையன், பிளஸ் ஒன்.
அவன் ஓடிவரும்போதே கீப்பர் ரெண்டடி பின்னால் போகிறார்.
பேரைச் சொல்லமாட்டேன்,
நெல்லிக்குப்பத்துக்காரன் காதில் விழுந்தால்
பைக் அனுப்பித் தூக்கிவிடுவான்.

போன ஞாயிறு மச்சானுக்குக் காய்ச்சல், பத்துப் பேர்தான்.
ஸ்கோர் நோட்டோடு நின்ற என்னைப் பார்த்து
"அண்ணே, இறங்குறீங்களா?"
என் முட்டி, என் கண்ணாடி, ஐம்பத்திரண்டு வயசு:
யாருக்கும் நான் சலுகை காட்டுவதில்லை.
பத்துப் பேரோடு ஆடு,
பந்தை இருசப்பனிடம் கொடு என்றேன்.

இரண்டாவதை மட்டும் கேட்டான்.

தேர்ட் மேனில் நான், செருப்பைக் கழற்றிவிட்டு.
காற்று திரும்பியிருந்தது.
இருசப்பன் கையை விட்ட பந்து
கொஞ்சம் நின்று, யோசித்து,
பேட்டின் விளிம்பைத் தொட்டு
மேலே, மேலே,

என் பக்கம்தான்.