நான்கு நிமிடத் தாமதம்

பதினேழாம் பெட்டி.
மூடியில் தடித்த பென்சிலால் யாரோ எழுதியது:
'கிரேக், யூ. சேறு.'

ஹாலிஃபாக்ஸில், காப்பகத்தின் அடித்தளத்தில்
பழைய ஏடுகளை ஸ்கேன் செய்வது என் வேலை.
மணிக்குப் பத்தொன்பது டாலர்.
வாசிக்கச் சொல்லிக் கூலி தருவதில்லை.
ஆனால் முதல் ஏட்டைப் பிரித்ததும்
விரலில் ஏதோ நெறுநெறுத்தது.
நக்கிப் பார்த்தேன். உப்பு.
அப்புறம் வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

1931, அக்டோபர், பார்ஸ்பரோ.
"காலை 5.12. கடல் விலகிவிட்டது.
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன,
கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விழுந்த
மாமாக்களைப் போல.
இடது பூட்ஸை வளைகுடா வைத்துக்கொண்டது.
வாங்க வேண்டியவை: மாவு, மண்ணெண்ணெய்,
புது பூட்ஸ் (முடிந்தால்)."
கீழே, அதே மையில்,
வெட்டியெடுத்த சேற்றின் குறுக்குப் படம்.
ஓர் ஓதத்துக்கு ஒரு படலம்,
மயிரிழை மேல் மயிரிழை.
அமாவாசைக்குத் தடித்து
அட்டமிக்கு இளைத்து
பௌர்ணமிக்கு மறுபடி தடித்து.

அட்டமியில் எதையும் தொடங்காதே என்பார்கள் எங்கள் வீட்டில்.
ஃபண்டிச் சேறும் அப்படித்தான் போல.

யூஃபீமியா கிரேக்
இரவெல்லாம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தாள்.
ஊரார் குரல்களைத் துளைக்குத் துளை
செருகிப் பிடுங்கும் உத்தியோகம்.
ஓதமோ தினமும் ஐம்பது நிமிடம் தள்ளி வரும்.
அவள் தூக்கமும் அதன் பின்னாலேயே தள்ளித் தள்ளிப் போனது.
"நண்பகல். காலை உணவு" என்று ஒரு பக்கம்.
"உணவு எது என்று நினைவில்லை" என்று இன்னொன்று.

பிறகு ஒரு நாள் பாறைக்குப் போனாள்.
முப்பது கோடி ஆண்டுக்கு முன் சேறாக இருந்த பாறை.
காலுறை தைக்கும் ஊசியால்
படலம் படலமாகத் தொட்டு எண்ணினாள்.
பதினோரு ஆண்டு எண்ணினாள்.
(நடுவில் ஒரு போர் வந்து போயிருக்கிறது.
ஏட்டில் அதற்கு மூன்று வரி.)

கணக்கு உதைத்தது.
ஆண்டுக்கு நாட்கள் அதிகம்.
முன்னூற்றுத் தொண்ணூறுக்குப் பக்கம்.
அப்படியானால் அன்று பூமி அவசரமாய்ச் சுற்றியிருக்கிறது;
விடிந்த கையோடு இருட்டியிருக்கிறது.
நிலவுதான் மெல்ல மெல்லப் பிடித்து இழுத்து
நமக்கு இவ்வளவு நீளமான பகலைத் தந்திருக்கிறது.

மான்ட்ரியால் பேராசிரியர் பதில் போட்டார்:
"அம்மையீர், எண்ணும்போது கண் சோர்ந்திருக்கும்."

அவள் மறுபடி எண்ணினாள்.
மூன்றாம் முறையும்.
பிறகு அந்தப் பாறையையே
நாற்பது பவுண்டுத் துண்டாக உடைத்து
ரயிலில் அனுப்பிவைத்தாள்.
ரசீது ஏட்டில் ஒட்டியிருக்கிறது:
கட்டணம், பெறுபவர் பொறுப்பு.

(சிரித்துவிட்டேன்.
மேற்பார்வையாளர் ப்ரெண்டன் எட்டிப் பார்த்தார்,
"இன்னுமா பதினேழு?")

ஏழு மாதம் கழித்து வந்த கடிதத்தில்
அம்மையீர் இல்லை, செல்வி கிரேக் இருந்தாள்.
கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.
கட்டுரை வெளியானது. ஒரே பெயர், அவளுடையது.
அதன்பின் நாடு நாடாக வந்த கடிதங்கள்
பெட்டியின் அடியில் கட்டாகக் கிடக்கின்றன:
'அன்புள்ள திரு. கிரேக்',
'மதிப்பிற்குரிய திரு. கிரேக்'.
பதினான்கிலும் 'திரு'வை மட்டும்
சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கிறாள்,
பள்ளிக்கூடத்துத் தப்பைத் திருத்துவதுபோல,
கோபமில்லாமல், தவறாமல்.

கடைசி ஏடு. எழுத்து நடுங்குகிறது.
தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை.
"ஓதம் நேரத்துக்கு வந்தது.
நான்தான் நான்கு நிமிடம் தாமதம்."

அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள், இருபத்தாறு.
வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்பது விதி.
எடுத்தேன்.
ஒவ்வொன்றாக, அழுத்தி, நிமிர்த்தி.
பேருந்து போய்விட்டது.

கண்ணாடியைத் துடைத்தபோது
துணியில் மெல்லிய செம்பழுப்புக் கோடு.
ஒன்றல்ல.
விளக்கருகே கொண்டுபோய்
எண்ணத் தொடங்கினேன்.