வலயம்

சனிக்கிழமை நாலரைக்கு மல்லாவிச் சந்தி.
நடத்துனர் சிவதாசன் முன் சீற்றில்
துவாய் போட்டு வைத்திருப்பார்.
"ரீச்சர், இன்னும் படிச்சு முடியேல்லையோ?"
முடியேல்லை.

கணிதத்தில் பட்டம் எடுத்தது ஒரு காலம்.
வேலை கேட்டுப் பந்தலுக்குள்
நூற்றிப் பதினேழு நாள்
பாய் விரித்துக் கிடந்தது இன்னொரு காலம்.
நியமனக் கடிதம் வந்த அன்று
அம்மா பொங்கினா.
நான் அடிக்குறிப்பை வாசித்தேன்:
கல்வி டிப்ளோமா முடித்தால்தான் நிரந்தரம்.

வவுனியாவில் விரிவுரை
ஆறாம் தரத்துப் பிள்ளைகளின் வகுப்பறையில்.
முழங்கால் மேசையில் இடிக்க
நாற்பத்தொரு பட்டதாரிகள்.
என் மேசையில் கவராயத்தால் யாரோ கீறியிருந்தது,
"கணக்கு சரியான கஸ்ரம்."
கீழே பேனையால் எழுதினேன்,
"ஓம்."

மூன்றாவது வாரம்
அருந்தவநாயகி மிஸ் பலகையில் எழுதினா,
அண்மை விருத்தி வலயம்.
பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும்
ஒரு கை கொடுத்தால் செய்யக்கூடியதற்கும்
இடையில் கிடக்கும் தூரம்.
அவ கண்டியிலிருந்து வருகிறவ.
அவவுக்கு அது பாடத்தில் ஒரு சொல்.

பக்கத்தில் விசுவமடுத் தர்மினியின் பேனை
நின்றுவிட்டது.
எங்களுக்கு அந்தச் சொல்லை முதலில் சொன்னது
பலகை இல்லை, வானொலி.
அங்கே போங்கோ, அங்கே ஒன்றும் நடக்காது என்றது.
எனக்குப் பதினேழு. அவளுக்குப் பதினைந்து.
அவள் முதல் இரண்டு சொல்லையும் எழுதி
மூன்றாவதற்கு இடம் விட்டாள்.
தேநீர் இடைவேளையில்
என் கொப்பியைப் பார்த்து நிரப்பினாள்.
பிறகு பணிஸ் பாதி தந்தாள்.

கற்பித்தல் பயிற்சிக்கு மதிப்பீட்டாளர் வந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை.
பத்தாம் தரம், நேர்கோட்டு வரைபு, படித்திறன்.
பாடக்குறிப்பில் நிமிடத்துக்கு நிமிடம் எழுதியிருந்தேன்,
எப்போது சிரிக்க வேண்டும் என்பது உட்பட.
கடைசி வாங்கில் அவர்,
கையில் இருபத்திநாலு கட்டம் போட்ட தாள்.

கபிலாசனைப் பலகைக்குக் கூப்பிட்டது பிழையோ தெரியாது.
அறுவடைக்குப் போய் ஒன்பது நாள் வராதவன்.
கோடு கீறினான். முக்கோணம் கீறினான்.
மூன்றின் கீழ் இரண்டு என்றான்.
கோடோ இடமிருந்து வலம் கீழே சரிந்துகொண்டிருந்தது.

வாய் வரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
வெண்கட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.
பின்னால் தாள் புரளும் சத்தம்.
முன்வரிசையில் நிலாயினி கை தூக்கினாள்,
கண்ணால் இறக்கினேன்.
ஒரு நிமிடம்.
வெளியில் உழவு மெசின் ஒன்று
றோட்டு முழுக்கப் போய் முடிந்தது.
இரண்டு.

"மிஸ், இது குளக்கட்டிலயிருந்து
வயலுக்கு இறங்கிற பக்கம்" என்றான்,
எனக்கில்லை, பலகைக்கு.
மூன்றுக்கு முன்னால் சின்னதாய் ஒரு கோடு போட்டான்.
சய.

நேர முகாமைத்துவம்: போதாது.
இருபதுக்குப் பதினொன்று.
கையொப்பமிட்டு வாங்கினேன்.

இன்றைக்கு ஒப்படை கொடுக்கும் நாள்.
வலயம் என்பதை உமது வகுப்பறை அனுபவத்தின்
உதாரணத்துடன் விளக்குக.
மாங்குளத்தில் இறங்கி
போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.
கபிலாசன் என்று எழுதிவிட்டு நினைவு வந்தது,
பிள்ளைகளின் பெயர் வரக்கூடாது, விதி.
வெட்டினேன்.
மாணவன் அ.
வெட்டிய இடத்தில்
பெயர் இன்னும் வாசிக்கத்தான் முடிகிறது.
வவுனியா பஸ் வரட்டும்.
இன்னொரு தாள் இருக்கிறதா என்று
தர்மினியிடம் கேட்க வேண்டும்.