நானூறு ரூபாய்

வசந்த் விஹாரில் வாடகை வீடு.
கீழே பல் மருத்துவர், மாடியில் ஒரு நாடு.
கொடிக்கயிறு காற்றில் பறந்து
ஏசிப் பெட்டியில் சிக்கிக்கொள்ளும்,
குச்சியால் எடுத்துவிடுவதும் என் வேலைதான்.

தூதர், அவர் மனைவி, நான்.
மனைவிதான் கணக்கர்.
நான் ஆர்.கே. புரத்துத் தமிழச்சி,
உள்ளூர்ப் பணியாளர், நிலை இரண்டு.
அவர்கள் தீவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவள்.
அதிலும் பெயர்தான் தெரியும்,
தீவு எழுத்துக்கு அடியில் போய்விடும்.

நியூயார்க்கிலிருந்து பட்டியல் வரும்.
இன்னாரின் சொத்தை முடக்கு,
நாட்டுக்குள் விடாதே,
நேராகவோ சுற்றிவளைத்தோ
ஒரு பயனும் அவருக்குப் போய்ச்சேரக் கூடாது.
பெரிய நாடுகளில் இதற்கென்றே கட்டடங்கள் உண்டாம்.
எங்களுக்கு ஒரே வங்கி, ஒரே கவுண்ட்டர்.
மேலாளர் ஒவ்வொரு முறையும் ஒரே பதில் எழுதுவார்:
"கணக்கு வைத்திருப்பவர் எல்லாரையும் எனக்கு முகம் தெரியும்.
இவர் இல்லை."
அதைத் தட்டச்சு செய்து அனுப்புவேன்.
முடக்கப்பட்டவை: இல்லை.
ஒன்பது வருடமாய் இல்லை இல்லை என்று எழுதியே
ஒரு நாட்டின் சட்டத்தை அமல்படுத்தி வருகிறேன்.

நவம்பரில் முபாரக் சைஃபி வந்தார்.
சீலம்பூர். குளிர்பதன மெக்கானிக்.
தீவின் ஒரே மீன் உறைகிடங்கு படுத்துவிட்டது,
இவரை உடனே அனுப்பச் சொல்லி
மீன்வளத் துறையின் கடிதம் கையில்.
பெயரைத் தட்டினேன். திரை சிவந்தது.

பட்டியலில் ஒரு முபாரக்.
பிறந்தது எழுபத்தொன்றிலோ எழுபத்தாறிலோ.
ஊர் தெரியாது. அப்பா பெயர் தெரியாது.
ஆங்கிலத்தில் ஐந்து விதமாய் எழுதப்படும் பெயர்.
ஐந்தையும் தமிழில் எழுதிப் பார்த்தேன்,
ஒன்றேதான் வந்தது.
நம் மொழியில் போட்டிருந்தால்
இன்னும் எத்தனை பேர் மாட்டியிருப்பார்களோ.

தூதர் தீவுக்குப் போன் போட்டார்.
விலக்குத் தர வேண்டியவர் சட்ட அதிகாரி.
அவரேதான் துறைமுக நடுவர்,
அன்று படகில் இருந்தார்.
நியூயார்க்கைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.
"கேளுங்கள். மீன் கேட்காதே" என்றார் தூதர்.

சைஃபி தினமும் வந்தார்,
மெட்ரோ மாறி, புகைக்கு மூக்கைக் கட்டிக்கொண்டு.
டீ கொடுத்தேன்.
கொடுத்த பிறகுதான் உறைத்தது.
டீ ஒரு பயனா?
பிஸ்கட் தட்டோடு பாதி வழியில் நின்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.
எங்கள் ஃப்ரிட்ஜை.
"கம்ப்ரசர் அழுகிறதே மேடம், எத்தனை நாளாய்?"

கழற்றி, ஊதி, திருகி
ஒரு மணி நேரம்.
நானூறு என்றார்.
பர்ஸைத் திறந்தேன். மூடினேன்.
"உங்களுக்குத் தர எனக்கு அனுமதி இல்லை."
சிரிக்கவில்லை அவர். கோபப்படவும் இல்லை.
கையைத் துடைத்துக்கொண்டே
"கதவு ரப்பரையும் மாற்றிவிடுங்கள்" என்று
படியிறங்கிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது:
அவர் வேறு, இவர் வேறு.
அதற்குள் தீவில்
மூன்று படகுச் சூரை மீனை
கடலிலேயே திரும்பக் கொட்டியிருந்தார்கள்.
சைஃபியின் எண்ணை அண்ணன் மகன் எடுத்தான்.
சித்தப்பா மஸ்கட் போய்விட்டாராம்,
அங்கே இரண்டே நாளில் விசா.
பணம் தர வேண்டும் தம்பி என்றேன்.
எந்தப் பணம், அவர் ஒன்றும் சொல்லலையே என்றான்.

காலாண்டு அறிக்கை.
வழக்கமான கட்டத்தில் விரல் நின்றது.
இழுப்பறையில் ஓர் உறை,
உறைக்குள் நான்கு நூறுகள்.
முடக்கப்பட்டவை: இந்திய ரூபாய் நானூறு மட்டும்.
இந்நாட்டின் வரலாற்றில் முதல் தடவை.

தூதர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
அழிக்கச் சொல்லவில்லை.
ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தார்,
பல் கூசியது போலிருக்கிறது,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.