பதினொரு லேபிள்

குன்னூரில், பெட்போர்டு இறக்கத்தில் என் அச்சகம்.
ஓர் ஆஃப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின்,
மழைக்கு வீங்கிக்கொள்ளும் கதவு.

தைலக்காரர்கள் பதினொரு பேர்.
பதினொரு பேருக்கும் லேபிள் அடிப்பது நான்.
எண்ணெய் ஒன்றுதான்:
எமரால்டு பக்கம் பெள்ளன் கொப்பரையில் காய்ச்சி
நீல டிரம்மில் ஏற்றி அனுப்புவது.
செவ்வாய்க்கிழமை வேன் வரும்,
பதினொரு வாசலில் பதினொரு முறை பிரேக் அடிக்கும்.

காசிம் ராவுத்தர் 'அசல்' என்று போடச் சொன்னார்.
எதிர்க்கடை குரியாக்கோஸ்
'அசலிலும் அசல்' என்றார்.
மூலைக்கடை தேவகி,
'அசலெல்லாம் வேணாம், ஒரு மான் போடுங்க.'
மானுக்கும் தைலத்துக்கும் என்ன சம்பந்தம்?
'மானைப் பாத்தா ஞாபகம் இருக்குமில்ல.'
அந்த வருஷம் மான் ஓடியது.
அடுத்த வருஷம் ஒரு காட்டெருமை, இரண்டு யானை,
ஒருவருக்கு மலை ரயில்.

ஊட்டி அரசுக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் நான்,
இரண்டாம் வகுப்பு.
சந்தையில் எல்லாரும் ஒரே கோதுமை விற்பார்கள் என்று
முதல் தாளில் எழுதிப் பாஸானேன்.
விற்கிறவனுக்கு முகம் கிடையாது,
வாங்குகிறவனுக்கும் கிடையாது,
விலை மட்டும் வெயில் மாதிரி
எல்லார் தலையிலும் ஒன்றாக விழும்.
அடுத்த தாளில் ஒரே ஒருவன், மின்சார வாரியம் போல.
இரண்டுக்கும் நடுவே ஒரு கடைத்தெரு உண்டு என்பது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில்தான்
புத்தகமாக வந்ததாம்.
ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில்,
கடலுக்கு அந்தக் கரையில் ஒருவர்,
இந்தக் கரையில் ஒருத்தி,
ஒரே வருஷம், ஏறக்குறைய ஒரே படம்.
அவர் அதன் பிறகு காலமெல்லாம்
என் சரக்கு வேறு, அந்தம்மா சரக்கு வேறு என்று
எழுதிக்கொண்டே இருந்தாராம்.
வகுப்பில் கேட்டபோது சிரிக்கவில்லை.
பல வருஷம் கழித்து
ராவுத்தர் கடை வாசலில் சிரிப்பு வந்தது.

அந்தப் படத்தில் ஒரு கோடு சரிந்து வந்து
ஒரு வளைவைத் தொடும். தொட்டதோடு சரி.
யாருக்கும் பெரிய லாபமில்லை என்று அர்த்தம்,
யாரும் கடையை மூடமாட்டார்கள் என்றும்.
சீசன் போன ஜூலையில் குரியாக்கோஸ்
தன் பாட்டில்களை எண்ணி முடித்து
எதிர்க்கடைப் பாட்டில்களை எண்ணுவார்.
இது வீண் என்றார்கள் சிலர்.
விதவிதமாய்க் கிடைப்பதற்கு நாம் தரும் கூலி
என்றார்கள் சிலர்.
தேர்வில் இரண்டையும் எழுதிவைத்தேன்.
ஆறு மார்க்.

போன மே மாதம் ஈரோட்டிலிருந்து ஓர் அம்மாள்
காலி பாட்டிலோடு என் படியேறி வந்தார்.
லேபிள் ஓரத்தில் என் அச்சகத்தின் பெயர், எறும்பளவு.
மான் கடை எங்கே என்றார்.
வேறு தைலம் முட்டிக்குக் கேட்பதில்லையாம்.
நாக்கு நுனிவரை நீல டிரம் உருண்டு வந்தது.
வழி சொன்னேன்:
பஸ் ஸ்டாண்டு தாண்டி, இடது கைப் பக்கம்.

எனக்கும் ஜலதோஷம் பிடிக்கிறது.
நானும் மூன்று கடை தாண்டித்
தேவகியிடம்தான் போகிறேன்.
சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரமாட்டாள்.
மூக்கடைப்பா இருமலா என்று கேட்டுவிட்டுத்தான்
பாட்டிலை எடுப்பாள்,
இரண்டுக்கும் அதே பாட்டில்.
அந்தக் கேள்வி டிரம்மில் வருவதில்லை.

தை பிறந்ததும் எதிர்வரிசையில் இன்னோர் அச்சகம்.
என் மெஷினேதான், ஒரு வருஷம் புதுசு.
விலையும் என் விலை.
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.
மூன்றாம் நாள் பெயிண்டரைக் கூப்பிட்டேன்,
போர்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்க.
என்ன வரி என்றான்.
யோசிக்கிறேன் என்றேன்.
ஏணியில் நின்றபடி
ஒரு பீடி முடித்தான்,
பிரஷ்ஷில் பெயிண்ட் இறுகத் தொடங்கியது.

'ஒரு மான் போட்ருவமாண்ணா?'