பத்திரத்தில் இல்லாத விட்டம்

பழையபேட்டையில் மச்சு வீடு.
மேலே டைல்ஸ் போடணும் என்றார் லட்சுமிபதி.
பலகைமேல் டம்ளரில் தண்ணீர் வைத்து
சாதிக்கைக் குறுக்கே நடக்கச் சொன்னேன்.
தண்ணீர் நடுங்கியது.
இரண்டாம் நடைக்கு டம்ளரே நகர்ந்தது.

"இப்படியே ஒட்டினா ஆடிக்குள்ள வெடிச்சிரும்."
மரம் வளையும், மழைக்கு ஊதும், பங்குனியில் சுருங்கும்.
டைல்ஸுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

ஆணி பிடுங்க ஒன்றரை நாள்.
கொல்லன் அடித்த சதுர ஆணிகள்
ஒரு பெயிண்ட் டப்பா நிறைய.
பிறகு பலகை பலகையாய் மிதித்து
கிரீச்சிடும் இடமெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி.
மாலையில் பார்த்தால்
கணக்கு வராத பையனின் நோட்டு மாதிரி தரை.

ஆனாலும் கோளாறு பலகையில் இல்லை.
சன்னலிலிருந்து மூன்றாவது விட்டம்,
உளியை வைத்ததும் ரவையாய்க் கொட்டியது.
ஒட்டினாற்போல் புதுச் சட்டம் வைத்து போல்ட் முடுக்கணும்.
அதற்குக் கீழிருந்து ஜாக்கி கொடுக்கணும்.
கீழே என்றால் திம்மராயன் வீடு.
அண்ணன்.
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை.

பாகப் பத்திரத்தை எடுத்துவந்து காட்டினார்.
மேல்தளம் இளையவருக்கு, கீழ்த்தளம் மூத்தவருக்கு,
கிணற்றில் பாதி,
பின்கட்டு மல்கோவாவில் ஒருவருக்கு ஒற்றைப்படை வருடக் காய்ப்பு.
விட்டத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.
எழுதியவர் குனிந்தும் பார்க்கவில்லை,
அண்ணாந்தும் பார்க்கவில்லை.

நானே படியிறங்கிப் போனேன்.
திம்மராயன் பேசாமல் கட்டிலை நகர்த்தினார்.
சரியாக மூன்றாம் விட்டத்துக்கு அடியில் கிடந்தது அது.
ஜாக்கி ஏற ஏற
நூல் நூலாய் எழும்பியது மரம்.
நெற்றியில் மண் உதிர்ந்தும் துடைக்காமல்
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுக்கப்புறம் சத்தம் கேக்காதா?"
"கேக்காதுங்க."
"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிப்பான். சக்கரை."
அவ்வளவுதான்.

சத்தத்தை விட்டுவைக்க முடியாது.
ஒரு பலகை ஆடினால் நாலு டைல்ஸ் போகும்.
ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ,
பெருக்கல் குறிகளின்மேல் இரண்டு.
பிறகு பிளைவுட், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே
இரண்டு ஒற்றை ரூபாய் சேர்ந்து நுழையும் சந்து,
சுவரோரம் இன்னும் கொஞ்சம்.
"எதுக்கு சந்து? கரப்பான் வரும்."
"நெருக்கி அடிச்சா ஒண்ணையொண்ணு தள்ளித் தூக்கிக்கும்."
வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.
அவர்தான் சன்னல் வழியே
சையத் பாஷா மலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.
சாதிக் டம்ளரை வைத்தான், நடந்தான், குதித்தான்.
தண்ணீர் சும்மா இருந்தது.
கீழே யாரோ இருமினார்கள்.

டைல்ஸ் முடிந்து கணக்குப் பார்த்த அன்று
விட்டத்துக்கென்று நாலாயிரத்து இருநூறை
எண்ணிக் கொடுத்தார் லட்சுமிபதி.
இறங்கும்போது திம்மராயன் கூப்பிட்டார்.
அதே நாலாயிரத்து இருநூறு,
விலையை யாரிடம் விசாரித்தாரோ,
பேப்பரில் மடித்து என் சட்டைப்பையில் திணித்து
"அவன்கிட்ட சொல்லாத" என்றார்.
மேலேயும் அதையேதான் சொல்லியனுப்பினார்கள்.

யாரிடம் திருப்பினாலும்
மற்றவர் கொடுத்தது தெரிந்துபோகும்.
ஆணி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது பணம்.
இப்போது காவேரிப்பட்டினத்தில் வேலை,
மொசைக் பெயர்க்கிறோம்.
சுத்தியலைக் கீழே வைக்கும்போதெல்லாம்
சாதிக் கேட்கிறான்,
"அண்ணே, அது யார் காசு?"