நீளமான ஒரு பீப்

எருத்தேம்பதி அரசுப் பள்ளி, இரண்டாம் அறை.
வெள்ளை, இளஞ்சிவப்பு, இளநீலம்.
ஊருக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று, ஜில்லாவுக்கு ஒன்று.
மூன்றும் அழுத்தினால்தான் மெஷின் கத்தும்.

வேலாத்தாள் உள்ளே போய் நேரமாகிறது.
வரிசை செருப்பைத் தேய்க்கிறது.

"ரெண்டு அமுக்கிப்போட்டனுங்க.
மூணாவதுல நம்ம சின்னத்தையே காணோமுங்க."

கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த சீட்டு.
அதை நான் சொல்லக் கூடாது.
ஏஜென்ட் சசிதரன்
பேனா மூடியைக் கடிக்கிறான்.

"மிசினு கெட்டுப்போச்சுங்களா?"

கெடவில்லை.
வட்டிக்காரன் வாசலில் நிற்பதுபோல
சத்தமில்லாமல் நிற்கிறது.

"கடைசியில ஒரு பொத்தான் இருக்கும்மா,
இதோட போதும்னு சொல்றதுக்கு."

மறைப்பட்டைக்கு மேல்
அவள் கொண்டை மட்டும் தெரிந்தது.
அசையவில்லை.
படித்துக்கொண்டிருந்தாள் போல,
ஒவ்வொரு பெயராக.

பிறகு பீப். நீளமாக.
எதை அழுத்தினாளோ.
மை காயாத விரலைத் தூக்கிப் பிடித்தபடி
தோப்பு வேலைக்கு ஓடினாள்.

போன வாரம் என் தபால் ஓட்டு:
மூன்று தாள், ஒரே சின்னம்,
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மூன்றாவது தாளில்
நான் யாருக்குப் போட்டேன்?

அடுத்த ஆள் விரலை நீட்டுகிறார்.